எங்கட சங்கக்கடை ரிவ்யூ: அரிசிக்கு 4 ஸ்டார், நிர்வாகத்துக்கு 2

பரந்தனில இருந்து ஏ-35 ரோட்டால முல்லைத்தீவுப் பக்கம் போறவைக்கு ரோட்டுக்கரையில சங்கக்கடையள் (கூட்டுறவுச் சங்கத்தின்ர கடையள்) கனக்கத் தெரியும், அதில ஒண்டைப் பற்றித்தான் இது. பேர் போடேல்லை, போட்டா நாளைக்கு மனேச்சரின்ர முகத்தில முழிக்கேலாது, அதோட நான் எழுதப்போறது அந்த ஒரு கடைக்கு மட்டும் பொருந்துற விசயமும் இல்லை.

முதல்ல சாமான். புழுங்கலரிசி நல்லம், சங்கத்தின்ர ஆலையில குத்தி வாற மொட்டைக்கறுப்பன் கல்லு இல்லாம மணத்தோட இருக்கும், டவுனில பளபள பையில விக்கிறதை விட விலையும் குறைய. ஒடியல் மா சீசனுக்கு வரும், வந்த உடன வாங்கோணும், கொஞ்சநாள் கழிச்சுப் போனா வண்டு. பனங்கட்டி குட்டானோட கிடைக்கும். சீனி, பருப்பு, கோதம்பமா எல்லாம் வெளிக்கடை விலைதான், சிலவேளை ரெண்டு மூண்டு ரூபா குறைய. தராசில பிழை பிடிக்கேலாது, சும்மா சொல்லேல்லை, வீட்டை கொண்டுபோய் திருப்பி நிறுத்துப் பாத்த ஆக்கள் எங்கட ஊரில இருக்கினம். பிரிஜ் ஒண்டு நிக்குது, அதில யோகட் வாங்காதேங்கோ, கரண்ட் காசு மிச்சம் பிடிக்க இரவில நிப்பாட்டுறவை எண்டு ஒரு கதை, யோகட்டைத் திறந்து பாத்தா கதை உண்மை மாதிரித்தான் கிடக்கு. பில் மெசின் இருக்கு ஆனா வேலை செய்யாது, சிட்டை கையாலதான். சாமான் நிறுக்கிற பிள்ளையள் தங்கமான பிள்ளையள், வயசுபோன ஆக்களுக்கு சைக்கிள் கரியர்ல கட்டியே குடுப்பினம். மத்தியானம் பூட்டினா திரும்பி எப்ப திறப்பினம் எண்டது மட்டும் ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

இவ்வளவும்தான் எண்டா நாலு ஸ்டாரைக் குத்திப்போட்டு நானும் என்ர வேலையைப் பாத்துக்கொண்டு போயிருப்பன். ஆனா சங்கக்கடையை மற்றக் கடை மாதிரி வெறும் சாமானை வைச்சு மட்டும் பாக்கேலாது. டவுனில இருக்கிற சூப்பர் மாக்கெற் கம்பனியின்ர, கம்பனியில பங்கு கூட வைச்சிருக்கிறவருக்கு வாக்கும் கூட. சதொச அரசாங்கத்தின்ர, அங்க என்ன வரோணும் என்ன விலைக்கு வரோணும் எண்டது கொழும்பில முடிவாகும். சங்கம் எண்டது அங்கத்தவரின்ர, ஒரேயொரு பங்கு வைச்சிருக்கிற அம்மம்மாவுக்கும் ஒரு வாக்கு, கட்டுக்கட்டா பங்கு வைச்சிருக்கிற மில்காரருக்கும் அதே ஒரு வாக்கு. இந்த விதி பழசு. 1844ல இங்கிலாந்தில ரோச்டேல் எண்ட ஊரில 28 பேர் சேந்து மா, சீனி, பட்டர், ஓட்ஸ், மெழுகுதிரி வைச்சு ஒரு கடை திறந்தவை, அதில நெசவுத் தொழிலாளரும் இருந்தவை, அந்தக் காலத்தில சொத்து இருக்கிற ஆம்பிளையளுக்குத்தான் பாராளுமன்ற வாக்கு, கூலிக்கு நெய்யிறவனுக்கு எங்கால வாக்கு, அப்ப நாட்டில கிடைக்காததை அவை கடையில வைச்சு நடத்திக் காட்டினவை. எங்கட நாட்டிலயும் அதே மாதிரித்தான், கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு சட்டம் வந்தது 1911ல, ஆம்பிளை பொம்பிளை எல்லாருக்கும் வாக்கு எண்டது 1931ல (அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரிச்சது தனிக்கதை). அதால சங்கம் எண்டது ஒரு சின்ன நாடு, அந்த நாடு ஏன் சிலநேரம் ஓடுது ஏன் சிலநேரம் படுக்குது எண்டு பாத்தா பெரிய நாட்டின்ர வருத்தமும் கொஞ்சம் பிடிபடும், நான் அரசியல் படிச்ச ஆளில்லை, நெல்லு விதைக்கிற ஆள், ஆனா கூட்டத்துக்குப் போற ஆள்.

நல்லா ஓடின நேரத்தை முதல்ல சொல்லோணும், இல்லாட்டி நியாயமில்லை. 2022ல எரிபொருள் இல்லாத நேரம் ஞாபகம் இருக்குத்தானே, பெற்றோல் செட் வாசலில விடிய விடிய லைன், கியூஆர் பங்கீடு எல்லாம் வாறதுக்கு முந்தின மாசங்கள். சிறுபோக உழவுக்கு டீசல் வேணும், சங்கத்தின்ர செட்டுக்கு பவுசர் வாறது எப்பவாவது ஒருக்கா. வந்தா ஆருக்கு முதல் எண்டு வெட்டுக்குத்து வாற நிலைமை. அப்ப கிளைக்குழுவும் கமக்கார அமைப்பும் சேந்து மரத்துக்குக் கீழ ஒரு கூட்டம் வைச்சினம், ஆர் ஆர் எத்தனை ஏக்கர், ஆரின்ர உழவு மெசின், ஒரு ஏக்கருக்கு எவ்வளவு டீசல் எண்டு எல்லாம் கதைச்சு, சண்டைபிடிச்சு, ஒரு பட்டியல் எழுதி கடைச் சுவரில ஒட்டினவை. சுவரில ஒட்டினதுதான் விசயம். தலைவரின்ர மருமகனின்ர பேர் ரெண்டு இடத்தில இருந்தது, அண்டைக்குப் பின்னேரமே ஒரு அக்கா கண்டுபிடிச்சு, பேனையைக் குடுங்கோ எண்டு வாங்கி எல்லாருக்கும் முன்னால ஒரு கோடு இழுத்தவ. தலைவர் ஒண்டும் கதைக்கேல்லை. அந்த முறை டீசலுக்கு எங்கட பக்கம் ஒரு அடிபிடியும் வரேல்லை. வெளியூர் செட்டுகளில பொலிஸ் வைச்சும் சமாளிக்கேலாம நிண்டவை.

அதே ஆக்கள், அதே சங்கம், ஆனா வருசாந்தப் பொதுக்கூட்டத்துக்கு வாங்கோ, வேற படம். முதல்ல கூட்டமே வைக்கமாட்டினம். ஒருமுறை கணக்காய்வு முடியேல்லை, ஒருமுறை மண்டபம் கிடைக்கேல்லை, ஒருமுறை மழை. மழைக்கு ஒத்திவைச்ச கூட்டம் வெயில் வந்தும் நடக்கேல்லை. கேட்டா "தம்பி, இப்ப அவசரமே, எல்லாம் நல்லாத்தானே போகுது" எண்டினம். பழைய நிர்வாகம் அப்பிடியே இருந்துகொண்டு சிட்டையில கையெழுத்து வைக்கும், லொறி ரிப்பேருக்கு எவ்வளவு போனது எண்டு ஆரும் கேக்க வழியில்லை. இந்த வருத்தம் எங்கட சங்கத்தில கண்டுபிடிச்சதில்லை. 1982 டிசம்பரில ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன தேர்தல் வைக்காம சர்வசன வாக்கெடுப்பு வைச்சவர், இருக்கிற பாராளுமன்றத்தையே இன்னும் ஆறு வருசம் நீட்டட்டோ எண்டு, ஓம் எண்டா விளக்கு, இல்லை எண்டா பானை. வடக்கில பானைக்குத்தான் குத்தினவை, நாடு முழுக்கக் கூட்டிப் பாக்க விளக்கு வெண்டது. 1977ல தெரிவான பாராளுமன்றம் 1988 டிசம்பர் வரைக்கும் இருந்தது, இடையில 83 கலவரம் வந்தது, அதுக்குப் பிறகு நடந்தது எல்லாம் வந்தது. அந்த வருசங்களில ஆக்களுக்கு ஆளை மாத்த ஒரு வழி இருந்திருந்தா எல்லாம் வேற மாதிரிப் போயிருக்கும் எண்டு நான் சொல்ல வரேல்லை, ஆனா வழியை அடைச்சா கோபம் வேற வழி தேடும் எண்டது வன்னியில இருக்கிறவனுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை.

கிட்டடிக் கதையும் இருக்கு. உள்ளூராட்சித் தேர்தல் 2023 மார்ச் 9 எண்டு அறிவிச்சாங்கள், பிறகு காசில்லை எண்டு நிப்பாட்டினாங்கள். காசில்லை எண்டது மண்டபம் கிடைக்கேல்லை எண்டதின்ர பெரிய அண்ணன். 2024 ஓகஸ்டில உச்ச நீதிமன்றம் இது ஆக்களின்ர அடிப்படை உரிமையை மீறினது எண்டு தீர்ப்புச் சொன்னது, கடைசியா 2025 மே 6ந்திகதிதான் வாக்குப் போட்டம். அந்த இடைவெளியில எங்கட பிரதேச சபையில தெரிவான ஆள் ஒருத்தரும் இல்லை, செயலாளர்தான் எல்லாம். அவரில பிழை சொல்லேல்லை, நல்ல மனுசன், ஆனா ரோட்டு லைற் எரியேல்லை எண்டு அவரிட்டப் போனா "மனு எழுதித் தாங்கோ" எண்டுவார், மெம்பர் ஒருத்தர் இருந்தா அவரை சந்தையில மறிச்சு நாலுபேருக்கு முன்னால கேக்கலாம், அடுத்தமுறை வாசலுக்கு வருவாய்தானே எண்டும் சொல்லலாம். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னன் மாதிரித் தெரியும், ஆனா லைற் எரியிறதும் எரியாததும் அதிலதான் கிடக்கு.

இன்னும் ஒண்டு, கூட்டுறவு எண்டது அரசியலமைப்பின்ர 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாண சபைக்குரிய விசயம். எங்கட வட மாகாண சபைக்கு முதலும் கடைசியுமா தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21, 2018 ஒக்டோபரோட காலம் முடிஞ்சது. தேர்தல் முறையை மாத்தப்போறம் எண்டு 2017ல சட்டத்தைத் திருத்தி, அதுக்கு வேண்டிய எல்லை நிர்ணய அறிக்கையை அடுத்த வருசம் பாராளுமன்றத்திலயே தோற்கடிச்சு, பழைய முறையும் இல்லை புது முறையும் இல்லை எண்டு அந்தரத்தில விட்டவை. சபையை ஒழிக்கேல்லை, தடை செய்யேல்லை, சும்மா விட்டிட்டினம், அதிகாரம் ஜனாதிபதி அனுப்புற ஆளுநரின்ர கையில. சனநாயகத்தை டாங்கி கொண்டு வந்துதான் உடைக்கோணும் எண்டில்லை, இப்பிடி ஒரு பைலை மேசையில கிடக்க விட்டாலும் காணும். அப்ப எங்கட சங்க நிர்வாகம் கூட்டம் வைக்கேல்லை எண்டு ஆரிட்டப் போய் முறையிடுறது? கூட்டுறவு ஆணையாளர் அலுவலகம் இருக்கு, போகலாம், போனா ஒரு உத்தியோகத்தர் வந்து பாத்திட்டுப் போவார். முறையீடு எழுதின ஆள் ஆர் எண்டது அவர் வாறதுக்கு முதலே ஊருக்குத் தெரிஞ்சிரும்.

மேல இருந்து ஆக்களைப் போட்டா சரி வரும் எண்டு ஒரு கூட்டம் சொல்லும். செய்து பாத்த நாடுதான் இது. 1970க்குப் பிறகு சின்னச் சின்ன சங்கங்களை எல்லாம் சேத்துப் பெரிசாக்கினவை, பணிப்பாளர் சபைக்கு அரசாங்கம் ஆக்களை நியமிக்கிற ஏற்பாடும் வந்தது. பிரதமர் சிறிமாவின்ர காலம் எங்கட பக்கம் மிளகாய், வெங்காயம், நெல்லு செய்தவைக்கு நல்ல காலம் எண்டு அப்பப்பா சொல்லுவார், இறக்குமதி இல்லாததால உள்ளூர்ச் சாமானுக்கு விலை, அது உண்மை. ஆனா சங்கம் எங்கட எண்ட நினைப்பு அந்த நேரத்திலதான் போகத் தொடங்கினது எண்டும் அவரே சொல்லுவார், கூப்பனுக்கு அரிசியும் மாவும் வாங்கிற இடம், அவ்வளவுதான். பிறகு சண்டைக் காலத்தில நிவாரணத்துக்கு லைனில நிண்ட இடமும் சங்கக்கடைதான். ஒரு தலைமுறை முழுக்க இந்தக் கடையை, மேல இருந்து வாறதை கீழ நிண்டு வாங்கிற இடமாத்தான் பாத்து வளந்தது, அந்தத் தலைமுறையிட்டப் போய் நீதான் முதலாளி, வந்து கணக்கைக் கேள் எண்டா சிரிக்கத்தான் செய்யும். கூட்டத்துக்கு ஆக்கள் வராததுக்கு சோம்பேறித்தனம் எண்டு சொல்றவைக்கு இது விளங்கிறேல்லை. வாக்கும் அப்பிடித்தான் எங்களுக்கு. 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில வன்னியில இருந்து அநேகமா ஆரும் போய் வாக்குப் போடேல்லை, போடுற நிலைமையில ஆக்களை விட்டு வைக்கவும் இல்லை, வெண்டவருக்கும் தோத்தவருக்கும் இடையில ரெண்டு லட்சத்துக்கும் குறைவான வித்தியாசம். எங்கட வாக்கும் விழுந்திருந்தா எண்ட அந்தக் கணக்கை இண்டைக்கும் தேத்தண்ணிக் கடையில வைச்சு ஆக்கள் கூட்டிக் கழிச்சுப் பாப்பினம், மெதுவாத்தான் பாப்பினம்.

சரி, கூட்டம் நடந்தா எல்லாம் சரியோ. அதுவும் இல்லை. கடைசியா ஒருமாதிரி பொதுச்சபை கூடினது, பெரிய ஊர்க்காரர்தான் கூட, அவை எழும்பி பின்பக்கக் குடியேற்றத்தில இருக்கிற சின்னக் கிளை நட்டத்தில ஓடுது, பூட்டுவம் எண்டினம், கையை உயர்த்தினவை, முடிஞ்சுது. தலைக்கணக்குப்படி முடிவு சரி, ஒரு விதியும் மீறேல்லை. அந்தக் குடியேற்றத்தில இருக்கிறவை மலையகத்தில இருந்து வந்தவையின்ர பிள்ளையள், பேரப்பிள்ளையள், இப்ப மா வாங்க மெயின் ரோட்டுக்கு வரோணும், வெயிலுக்க கைப்பிள்ளையோட. அதில ஒரு ஐயா எழும்பிச் சொன்னார், "எங்கட ஆக்களை வாக்குப் போட்டே வெளியில விட்டது இது முதல் தரம் இல்லை" எண்டு. கன பேருக்கு விளங்கேல்லை. அவர் சொன்னது 1948 குடியுரிமைச் சட்டத்தை, சுதந்திரம் கிடைச்ச அதே வருசம், தெரிவான பாராளுமன்றம் முறைப்படி வாக்கெடுத்துத்தான் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடில்லாத ஆக்கள் ஆக்கினது, அடுத்த வருசம் வாக்காளர் இடாப்பில இருந்தும் எடுத்தவை, அதுக்கு ஆதரவாக் கையை உயர்த்தின தமிழ் மெம்பர்மாரும் இருந்தவை. லட்சக்கணக்கான ஆக்கள், ஒரு துப்பாக்கி இல்லை, எல்லாம் சட்டப்படி. அவையின்ர வாக்கைத் திருப்பிக் குடுத்து முடிக்க அரை நூற்றாண்டுக்கு மேல போனது. பெரும்பான்மை எண்டதுக்கு ஒரு எல்லைக்கல்லு போடாட்டி, இதுக்கு அங்கால உன்ர வாக்கு செல்லாது எண்டு ஒரு கோடு இல்லாட்டி, தேர்தல் ஒழுங்கா நடந்தாலும் அது ஒரு பகுதிக்குச் சனநாயகம், மற்றப் பகுதிக்கு வேற என்னவோ. எங்கட சங்கத்துக்கு அந்தக் கோடு எண்டது ஒவ்வொரு கிளையிலயும் இருந்து பணிப்பாளர் சபைக்குக் கட்டாயம் ஒரு ஆள், அந்தக் கிளையைப் பூட்டுறதெண்டா அந்தக் கிளை ஆக்களும் ஓம் எண்டோணும் எண்டு துணைவிதியில எழுதுறது. நான் முன்மொழிஞ்சன், வழிமொழிஞ்சது அந்த ஐயா மட்டும், அடுத்த கூட்டத்தில பாப்பம் எண்டு தலைவர் எழுதி வைச்சிருக்கிறார்.

பசளை விக்கிற பகுதியையும் சொல்லாம விடேலாது, கடையின்ர பின்பக்கம். இப்ப யூரியா வரும், விலையைத் தவிர குறையில்லை. ஆனா 2021ல அந்த அறை வெறும் அறையாக் கிடந்தது. 2019ல 69 லட்சம் வாக்கில வந்த ஜனாதிபதி, 2020 ஒக்டோபரில 20ஆவது திருத்தத்தால அதிகாரத்தையும் கூட்டி எடுத்து, 2021 ஏப்ரல் மே நேரம் இரசாயனப் பசளையை ஒரேயடியா நிப்பாட்டினார், ஒரு கமக்காரனைக் கேக்கேல்லை, கேட்டிருந்தா எங்கட மனேச்சர் கூடச் சொல்லியிருப்பார் சேதனப் பசளையை ஒரு போகத்தில அவ்வளவுக்குச் செய்தெடுக்கேலாது எண்டு. நவம்பரில தடையை எடுத்தவை, எடுத்தும் அந்தக் காலபோகம் போனது போனதுதான், நெல்லு மஞ்சளா நிண்டது. 2022 ஜூலையில அவர் நாட்டை விட்டே போனார். அவர் வாக்கில்லாம வந்த ஆள் இல்லை, அதைத்தான் கவனிக்கோணும். வாக்கு கனக்க விழுந்த ஆளுக்குத்தான் கேக்கத் தேவையில்லை எண்ட நினைப்பு கெதியா வரும், சுத்திவர இருக்கிறவையும் ஓம் சேர் எண்டு நிப்பினம்.

இதுக்கு எதிர்மாறா இரணைமடுக் குளத்தின்ர சிறுபோகக் கூட்டத்தைப் பாருங்கோ, அரசாங்க அதிபர் தலைமை, நீர்ப்பாசனக்காரர் ஒரு பக்கம், கமக்கார அமைப்புகள் ஒரு பக்கம். கத்துவினம், மேசையில அடிப்பினம், போன முறை உனக்கு கூட எனக்கு குறைய எண்டு பழங்கணக்கு எடுப்பினம், பாக்கிறவைக்கு இது என்ன கூட்டமோ எண்டு இருக்கும். ஆனா கடைசியில இவ்வளவு ஏக்கர், இன்ன திகதிக்கு வாய்க்கால் திறப்பு எண்டு முடிவெடுத்துத்தான் எழும்புவினம், முடிவில நூறு குறை இருக்கும், களவாத் தண்ணி மறிக்கிறவனும் இருப்பான், எண்டாலும் அநேகமா அதின்படிதான் விதைப்பு நடக்கும். ஏனெண்டா குளத்தில எத்தனை அடி தண்ணி நிக்குது எண்டது எல்லாருக்கும் தெரியும், ஆரும் ஆருக்கும் புழுகேலாது, முடிவு பிழைச்சா சொன்னவரின்ர வயலும் சேந்துதான் காயும். சங்கத்தின்ர வங்கிக் கணக்கில எத்தனை அடி நிக்குது எண்டு எங்களுக்கு ஒருநாளும் தெரியிறேல்லை.

அதால மனேச்சருக்கு நான் சொன்னது இதுதான், அண்ணை, பில் மெசினைத் திருத்துங்கோ, மாசத்துக்கு ஒருக்கா வரவு செலவை ஒரு பேப்பரில எழுதி அந்த டீசல் பட்டியல் ஒட்டின அதே சுவரில ஒட்டுங்கோ எண்டு. "அதுக்கு தலைமைக் காரியாலயம் ஓம் எண்டோணும் தம்பி" எண்டார். தலைமைக் காரியாலயத்தில கேட்டன், கிளைதான் ஒட்டோணும் எண்டினம். இப்ப கடிதம் எழுதிக் குடுத்திருக்கு, நாங்கள் கொஞ்சப்பேர் கையெழுத்து வைச்சு, அந்தப் பேனை வாங்கின அக்காதான் முதல் கையெழுத்து.

போறவைக்கு: காலமை போங்கோ, மத்தியானம் போய் ஏமாறாதேங்கோ. மொட்டைக்கறுப்பன் கட்டாயம் வாங்குங்கோ, யோகட் வேணாம். காட் எடுக்கிறேல்லை, காசு கொண்டு போங்கோ. அந்தப் பக்கம் இருக்கிறவை இன்னும் அங்கத்தவர் இல்லை எண்டா கிளையில படிவம் கேளுங்கோ, முடிஞ்சுது எண்டுவினம், லாச்சியில கிடக்கு, ரெண்டாந்தரம் கேட்டா எடுத்துத் தருவினம். பொதுக்கூட்டத்துக்கு அறிவித்தல் வந்தா கடை வாசல்லதான் ஒட்டுவினம், சின்ன எழுத்தில, லொத்தர் போஸ்ரருக்குப் பக்கத்தில.

சாமானுக்கு 4. வேலை செய்யிற பிள்ளையளுக்கு 5. நிர்வாகத்துக்கு 2, அதில ஒண்டு அந்த டீசல் பட்டியலுக்கு. கணக்கு சுவருக்கு வந்தா மூண்டாக்கிறன்.